மூடியில் ஒரு குமிழி

இல்லை, இன்னும் தொடங்கவில்லை. மூன்றாம் நாள்.

வாளி என் அறையின் அலமாரிக்குள் இருக்கிறது. உன் அம்மாவின் பழுப்புச் சேலையால் சுற்றியிருக்கிறேன், நீ சுற்றுவதுபோல. கதவைத் திறந்தால் பியருக்காகக் காய்ச்சிய மால்ட் சாற்றின் வாசம். இனிப்பு மட்டும். புளிப்பு இல்லை, காரம் இல்லை. மூடியில் செருகிய சின்னக் குழாயில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. ஈஸ்ட் உயிரோடிருந்தால் அதில் குமிழி வர வேண்டும்.

நீ விட்டுப்போன ஈஸ்ட்தான். கடைசியாக நாம் பியர் காய்ச்சியபோது வாளியின் அடியில் படிந்ததை ஊறுகாய்ப் போத்தலில் எடுத்து வைத்தாய். மேலே டேப் ஒட்டி, ஊருக்குப் பேசித் தீர்ந்த ஃபோன் கார்டால் அதைத் தேய்த்துவிட்டாய். டேப்பில் உன் எழுத்து: 'எறியாதை, விசரி.' உன் ஊர்ப் பேச்சில் விசரி என்றால் பைத்தியக்காரி.

பத்து மாதங்கள். எறியவில்லை.

நம் முதல் வாளி நினைவிருக்கிறதா? ஜனவரி. காய்ச்சி ஆற்றி, ஈஸ்டைப் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுப் பூசை முடிந்து உன் அம்மா பியர்பொன்ட்ஸிலிருக்கும் தன் வீட்டிலிருந்து நம் வாடகை வீட்டுக்குச் சொல்லாமல் வந்துவிட்டார். அழைப்புமணி கேட்டதும் நாம் இருவரும் வாளியைத் தூக்கிப் பின்பக்கப் பல்கனியில், பனிக்குள் வைத்தோம். வீடு முழுக்க மணம்.

"என்னடி மணம் இது?"

"அப்பத்துக்கு மா புளிக்க வைச்சனாங்கள், அம்மா."

"அப்ப சுடுங்கோவன். சாப்பிட்டிட்டே போறன்."

"இன்னும் பொங்கேல்லை அம்மா."

அன்று நீ சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் மூன்று மணி நேரம் இருந்தார். மூன்று தேநீர். வாளியை உள்ளே கொண்டுவந்தபோது ஓரத்தில் பனிக்கட்டி.

இரண்டு நாள் ஒரு குமிழி இல்லை.

"செத்துப்போச்சுடி. கொட்டிடலாம்," என்றேன்.

"இஞ்ச பார், குளிருக்கை தூக்கி வைச்சது நாங்கள். இப்ப அதைக் குறை சொல்லுறியோ? அது நித்திரை. முழிக்க விடு."

"குழாயில ஒண்ணுமே வரலையே?"

"குழாயையே பாத்துக்கொண்டு இருக்காதை. மூடி இறுக்கமில்லாட்டியும் குமிழி வராது. வேணுமெண்டா திறந்து மணந்து பார்."

நுண்ணுயிரியல் படித்தவள் நீ. என்னை 'இலக்கியக்காரி' என்பாய்: எல்லாவற்றையும் இரண்டாம் பக்கத்திலேயே சாகடித்துவிடுகிறவள். சேலையை எடுத்து வந்து வாளிக்குப் போர்த்தினாய். பிள்ளை பெத்தவளைப் பாக்கிற மாதிரிப் பாக்கவேணும் என்றாய். மூன்றாம் நாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள் 'ப்ளக்' என்றது. நீ கத்தினாய். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

மூன்று நாள். அது உன் சட்டம். "மூண்டு நாளிலயும் வராட்டிப் புதுசைப் போடு. பாத்து அழுதுகொண்டிருந்தா, சாறுதான் பழுதாப் போகும்."

மார்ச்சில் இன்னொரு மூன்று நாள் காத்திருந்தேன். பனி உறைந்த நெடுஞ்சாலை, உன்னோடு சறுக்கிய உன் மாமாவின் கார், மருத்துவமனைத் தாழ்வாரம். கண்ணாடி வழியாக ஒரு திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கோடுகள் அசைந்தன. நித்திரை, முழிக்க விடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் மாலை உன் அம்மா செபமாலையை மடித்துக் கைப்பையில் வைத்தார். அப்போது எனக்குப் புரிந்தது.

ஏப்ரலில் அவர் உன் உடுப்புகளை எடுக்க வந்தார். தண்ணீர் எடுக்கக் குளிர்ப்பெட்டியைத் திறந்தவர் போத்தலைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன பிள்ளை?"

"அப்பத்துக்கு ஈஸ்ட், அம்மா."

டேப்பை வாசித்தார். எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"பியர்தானே? அண்டைக்குப் பல்கனியில இருந்ததும் எனக்குத் தெரியும்." போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தார். "சொல்லுவாள், சொல்லுவாள் எண்டு இருந்தனான். இனிச் செய்தா எனக்கும் ஒண்டு கொண்டுவா."

சேலையையும் விட்டுவிட்டுப் போனார்.

அதனால்தான் காய்ச்சினேன். அதனால்தான் இந்த மூன்று நாளும் வகுப்புக்குப் போகாமல் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உன் மேசை இழுப்பறையில் கடை ஈஸ்ட் ஒரு பொட்டலம் இருக்கிறது. எப்போதும் இரண்டு வாங்குவாய். அதைப் போட்டால் பியர் வரும். ஆனால் உன்னுடையதில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தாலும் இரண்டும் கலந்துவிடும். பிறகு எனக்குத் தெரியவே தெரியாது.

மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். சாறு. மேலே, ஓரத்தில், நகக்கண் அளவுக்கு வெள்ளையாக ஏதோ. நுரையா, நான் கலக்கியதில் எழுந்ததா? உன்னைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. நீ படித்தவள்.

பொட்டலத்தைக் கிழித்துப் போட்டேன். சுலபமாகத்தான் கிழிந்தது. அதுதான் எனக்கு இப்போது கஷ்டமாக இருக்கிறது.

*

இந்தத் தாளைத் திரும்ப எடுக்க ஐந்து வாரங்களாயின. மறுநாள் மதியம் குமிழி வந்தது. நான் கத்தவில்லை. யாருடையது என்று தெரியவில்லை. முதல் சில மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சத்தத்தை மட்டும் கேட்டேன்.

பதினெட்டுப் போத்தல்கள் வந்தன. கொஞ்சம் கசப்பு அதிகம். அடியில் படிந்ததை உன் ஊறுகாய்ப் போத்தலில் ஊற்றி மூடினேன். டேப்பை மாற்றவில்லை.

இன்று ஞாயிறு. இரண்டு போத்தல்களைச் சேலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பியர்பொன்ட்ஸ் பஸ்ஸில் ஏறினேன்.