மச்சானுக்கு ஒரு போட்காஸ்ட்

நவ. 8, சனி

காலையிலிருந்து தூறல். சொட்டு மருந்து இரண்டு: வெள்ளை மூடி நாலு வேளை, ரோஸ் மூடி படுக்கும்போது மட்டும். மாற்றிப் போட்டுத் தொலைக்கக் கூடாதே என்றுதான் இந்த டைரியை எடுத்தேன். ஸ்கூலில் கொடுத்தது. வருஷமே முடியப் போகிறது, இன்னும் புத்தம் புதுசு.

மச்சானுக்கு நேற்று பாண்டியில் கண் புரை ஆபரேஷன். தலைக்குத் தண்ணீர் கூடாது, குனியக் கூடாது, போனும் டிவியும் இரண்டு வாரத்துக்குக் கூடவே கூடாது. டாக்டர் அதைச் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது. ஷார்ஜாவில் இருபத்தேழு வருஷம் போட்டோ ஸ்டூடியோ வேலை. வேலையை விட்டு வந்த நாளாக, யார் யாரோ எடுத்த போட்டோவைப் போனில் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பதுதான் பொழுது. என்னிடம் பேசுவது? "சாப்ட்டியா." "கரண்ட் வந்துருச்சா." "கேட்டப் பூட்டு." முடிந்தது. அங்கே இருந்தவரை போனில் என்னமாய்ப் பேசினார்!

எங்கள் மகள் ஷிஃபா சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.

"உம்மா, வாப்பாக்கு போட்டோகிராஃபி போட்காஸ்ட் தேடிப் போட்டு வுடுங்க. காதாலதான கேக்கப் போறாங்க."

போட்டோவைக் காதால் கேட்பதா? பிரியாணியை மோந்து பார்த்துப் பசியாறச் சொல்கிறாளா? கேட்டேன். சிரித்தாள்.

நவ. 9, ஞாயிறு

ஷிஃபா எதை அமுக்கச் சொன்னாளோ அதையெல்லாம் அமுக்கினேன். வந்துவிட்டது. போட்காஸ்ட் என்று ஒவ்வொரு தடவையும் எழுதச் சோம்பல். இனி போ.கா.

முதல் போ.கா. இரண்டு வெள்ளைக்காரர்கள். ஒருத்தர் சொன்னதற்கு இன்னொருத்தர் சிரிப்பார், அவர் சிரித்ததற்கு இவர் சிரிப்பார். அப்புறம் கேமரா பை. பைக்கு எத்தனை ஜிப், மழை பட்டால் நனையுமா. மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் அசையாமல் கேட்டார்.

"இவனுங்க எப்ப போட்டோ எடுப்பானுங்க?"

நிறுத்திவிட்டேன்.

மத்தியானம் காதர் போன். ஷார்ஜாவில் இவரோடு ஒரே ரூமில் இருந்தவர். மச்சான் போனைப் பார்க்கக் கூடாதென்பதால் நான்தான் எடுத்தேன். "தங்கச்சி, புதுசா ஒரு ஸ்டூடியோ தொறக்கறாங்க, பாத்துக்க ஆளு வேணும். அன்வரு கண்ணு சரியானா விசா எடுத்துடலாம்." மச்சானிடம் கொடுத்தேன். "பாப்போம்டா. கண்ணு சரியாவட்டும்" என்றார். பேசும்போது குரலில் தெம்பு. என்னிடம் அந்தக் குரல் வருவதே இல்லை.

போய்விடுவார். எனக்குத் தெரியும். இந்த வீட்டில் எங்கே உட்காருவது, என்ன பேசுவது என்று தெரியாமல் விருந்தாளி மாதிரி இருக்கிறார். போக வேண்டாம் என்று எனக்கு அடிவயிற்றிலிருந்து வருகிறது. சொல்ல வாய் வராது. சபர் என்று வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவரைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, மாமியார் இருந்தவரை கண்டிப்பு. அழுகை வந்தால்கூட அடுப்படிக்குப் போய்த்தான் அழ வேண்டும்.

நல்ல போ.கா. ஒன்று கிடைத்தால் பொழுது போகும். பொழுது போனால் இருப்பார். பைத்தியக்காரக் கணக்குதான். ஆனாலும் தேடுவேன்.

நவ. 11, செவ்வாய்

கலெக்டர் லீவு விடவில்லை. சிதம்பரத்தில் ஏறும்போதே பஸ் நிரம்பி ஈரக் குடை வாசனை. கடலூர் போய்ச் சேரும்வரை காதில் மாட்டிக்கொண்டு பரீட்சை வைத்தேன். மார்க் ஷீட்:

கல்யாண போட்டோ எடுக்கும் தமிழ்த் தம்பி. "வணக்கம் மக்களே" என்று கத்தியதில் காது அடைத்தது. ட்ரோன், ரீல்ஸ், மாப்பிள்ளையைச் சிரிக்க வைக்க மூன்று வழி. ஃபெயில்.

லென்ஸ் நம்பர் மட்டும் வாசிப்பவர். ஃபெயில்.

வெளிச்சம் பற்றி ஒரு பெரியவர். இங்கிலீஷ், ஆனால் புரிகிறது. குரல் வெண்ணெய். ஆலப்பாக்கத்தில் தூங்கிப் போனேன், திருப்பாப்புலியூரில் மல்லிகா டீச்சர் உலுக்கி எழுப்பினார். ரோஸ் மூடி வேளைக்கு ஆகும்.

"இன்னா டீச்சர் கேக்கறீங்க, பாட்டா?"

"போட்டோ."

"காதுலயா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எட்டாம் வகுப்பு பேப்பர் ஒரு கட்டு திருத்த வேண்டும். எண்ணெய் வாங்க வேண்டும். இடியாப்ப மாவு தீர்ந்தது.

நவ. 12, புதன்

கிடைத்துவிட்டது!

ஒரு அம்மா. எந்த ஊர் என்று சொல்லவில்லை, குளிர் ஊராக இருக்கும், அடிக்கடி மூக்கை உறிஞ்சுகிறார். ஒரு எபிசோடுக்கு ஒரே போட்டோ. பெரிய ஆள் எடுத்ததெல்லாம் இல்லை, யார் வீட்டு ஆல்பத்திலோ கிடந்தது. இடது மூலையில் ஆரம்பித்து நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். இன்று கேட்டது: கடற்கரையில் ஒரு குடும்பம். எல்லாரும் கேமராவைப் பார்க்க, ஒரு பையன் மட்டும் தரையைப் பார்க்கிறான். படம் எடுத்த அப்பா செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தாராம், பையன் அதைப் பார்த்தானாம். பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

அப்புறம் நினைப்பு எங்கோ போய்விட்டது. கல்யாணமான புதுசு, மச்சானின் முதல் லீவு. சில்வர் பீச்சில் என்னை நிற்க வைத்து எடுத்தார். இரவல் கேமரா, ஃபிலிமில் மிச்சம் ஒன்றே ஒன்று. அமுக்கும்போது காற்று துப்பட்டியைத் தூக்கி என் முகத்தை மூடிவிட்டது. கழுவி வந்த படத்தில் ஒரு வெள்ளைத் துணி, கீழே இரண்டு கால். அதைத்தான் பர்ஸில் வைத்துக்கொண்டு போனார். அந்த நாளில் என்னைப் பார்த்த மாதிரி அப்புறம் யாரும் என்னைப் பார்த்ததில்லை, அவர் உட்பட.

நவ. 13, வியாழன்

இருவரும் சேர்ந்து கேட்டோம். இங்கிலீஷ் பாதிக்கு மேல் அவருக்கு ஓடவில்லை. ஷார்ஜாவில் பேசுகிற இங்கிலீஷ் வேறு, இந்த அம்மா பேசுவது வேறு. அதனால் நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. இன்றைய படத்தில் ஒரு கிழவி. நடுவில் அவருடைய கேள்வி.

"கெழவி உக்காந்துருக்காளா, நிக்கறாளா?"

"ஒக்காந்துதான்."

"கை எங்க வெச்சிருக்கா?"

"மடியிலன்னு சொன்னாங்க."

"மடியிலன்னா ஸ்டூடியோ. வெளியில எடுத்தா கை சும்மா இருக்காது."

இப்படியே. அரை மணி எபிசோடு, முடிப்பதற்குள் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். எங்களுக்குள் இவ்வளவு நேரப் பேச்சு எப்போது நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

"இந்தம்மா நல்லா பாக்குது" என்றார். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. தமிழில் சொல்கிறவள் யாராம்?

நவ. 15, சனி

கொடுவா மீன் குழம்பு. இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மூன்று எபிசோடு ஒரே மூச்சில். நடுநடுவே அவர் கதை. பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்று சொன்னால் உடனே சிரித்துவிடும் மலையாளி. கோட்டு இல்லாதவர்களுக்கு ஸ்டூடியோவில் தொங்கிய ஒரே கோட்டு. எத்தனையோ ஊர்க்காரர்கள் அதே கோட்டில் வீட்டுக்குப் படம் அனுப்பினார்களாம். போனில் இதையெல்லாம் சொன்னதே இல்லை. அப்போது பேசியது ஸ்கூல் பீஸ், மாமியின் மாத்திரை, கூரை ஒழுகல்.

கேட்டுக்கொண்டே இருக்கும்போது போ.கா. தீர்ந்துபோயிற்று. அந்த அம்மா நிறுத்தி ரொம்ப காலம் ஆகிறது போல. ஏன் என்று சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஷிஃபா வேறு நாலு அனுப்பினாள். போட்டுக் காட்டினேன். எல்லாரும் தான் எடுத்ததைப் பற்றியே பேசுகிறார்கள். பார்த்ததைப் பற்றிப் பேசுகிறவர் கிடைப்பது கஷ்டம்.

"வுடு, வேற வாணாம்" என்றார் மச்சான்.

எனக்கு பயம் வந்துவிட்டது.

நவ. 17, திங்கள்

மழை லீவு! கலெக்டர் நீடூழி வாழ்க.

மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அவரே கேட்டார். "நம்ம வீட்டு போட்டோ ஒண்ணு சொல்லேன். அந்தம்மா சொல்ற மாதிரி."

ஹாலில் மாட்டிய பெருநாள் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பரங்கிப்பேட்டையில் எடுத்தது, ஷிஃபாவுக்கு அப்போது ஆறு வயசு. அங்கே எங்களுக்கெல்லாம் ஒரு வழக்கம். புருஷன் வெளிநாட்டில் இருந்தால் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுப் படம் எடுத்து அனுப்புவோம். அவர் அங்கே தன்னைச் சேர்த்துக்கொள்வார். மச்சானுக்குத் தொழிலே அதுதான், எத்தனையோ பேரை அவரவர் பொண்டாட்டி பிள்ளையோடு கம்ப்யூட்டரில் நிற்க வைத்தவர்.

இந்தப் படத்தில் மட்டும் ஒரு கூத்து. கூட வந்த என் சின்னம்மா, சபுரா சாச்சி, நடுவில் இடம் வீணாகக் கிடக்கிறதே என்று அமுக்குகிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டார். மச்சான் அங்கே சாச்சியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தான் நின்றுகொண்டார். ஆனால் ஷிஃபா தோளில் சாச்சி வைத்த கை அப்படியே நிற்கிறது, கல் வளையலோடு. படத்தில் இவருக்கு மூன்று கை.

இடது மூலை பிளாஸ்டிக் பூவிலிருந்து ஆரம்பித்தேன். ஷிஃபா கவுன், ஒரு பக்க ஜடை அவிழ்ந்திருப்பது, அழுது முடித்த கண். மூன்றாவது கை வந்ததும் கேட்டேன்.

"அந்தக் கைய ஏன் மச்சான் அழிக்கல? தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியாம என்ன. எங்கையி ஒழுங்கா ஒக்காரல. சாச்சி கையாச்சும் புள்ள தோள்ல இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மீதியைச் சொன்னார்.

"பெருநாள் அன்னிக்கே புதுச்சட்டையோட எடுத்துருவேன். ஸ்டூடியோவுல டைமரு வெச்சி. ஒம் போட்டோ ஆளு மூலமா வந்து சேர ஒரு மாசம் ஆவும், அதுக்குள்ள சட்டை பழசாயிடும் இல்ல. புள்ள இவ்ளோ ஒசரம் இருப்பான்னு நெனச்சி ஒரு தண்ணி கேன நிறுத்தி, அதும்மேல கைய வெப்பேன். ஒம் போட்டோ வந்ததும் சேத்துப் பாத்தா எங்கையி அவ முதுகுல கெடக்கும். அடுத்த வருஷம் கேனுக்கு அடியில ஸ்டூல் போட்டேன். அப்பவும் பத்தல. எப்பப் பாத்தாலும் நான் நெனச்சத வுட ஜாஸ்தி வளந்துருந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் கையக் கட்டிகிட்டு நிக்க ஆரமிச்சிட்டேன்."

எழுந்து போய் மற்ற பெருநாள் படங்களைப் பார்த்தேன். ஆமாம். பிந்திய வருஷங்களில் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். போலீஸ்காரர் மாதிரி இருக்கிறார் என்று நானும் ஷிஃபாவும் எத்தனை கேலி பண்ணியிருப்போம். அழுகை வந்தது. அடுப்படிக்குப் போகவில்லை, அவர் எதிரிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நவ. 18, செவ்வாய்

மழை விட்டிருந்தது. ஸ்கூலிலிருந்து வந்து டீ போட்டேன். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்.

"போவாதீங்க மச்சான்."

ஒரு வாய் குடித்தார்.

"இத நீ சொன்னதே இல்லியே."

"சபருக்குப் போறவங்கள தடுக்கக் கூடாதுன்னு மாமி சொல்லுவாங்க."

"எங்கிட்ட உம்மா வேற மாதிரி சொல்லுச்சு. அவ ஒண்ணும் சொல்லலியா, அப்ப சம்மதந்தான், போய்ட்டு வான்னு. ஒவ்வொரு லீவுலயும் பொட்டி கட்டறப்ப நீ சொல்லுவியோன்னு பாத்துகிட்டே இருப்பேன். நீ முறுக்கு டப்பாவக் கட்டிகிட்டு இருப்ப."

"அழுவைய அடக்கிகிட்டு கட்டுனேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் போனாதான் ஒனக்கு நிம்மதி போலன்னு நெனச்சிட்டேன்."

இருபத்தேழு வருஷம்! மாமி பேரில் கோபப்படவும் முடியவில்லை, மவுத்தாகிப் போய்ச் சேர்ந்தவர்களிடம் என்ன சண்டை போடுவது. அவரவர்க்கு நல்லதென்று நினைத்ததைத்தான் சொல்லியிருப்பார். நாங்கள் இருவரும் ஒழுங்காகக் கீழ்ப்படிந்திருக்கிறோம்.

"அப்ப போவலதான?" என்று கேட்டேன்.

"பாப்போம்" என்றார்.

பாப்போமாம்! டீ டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளை மூடி மருந்தும் கொஞ்சம் லேட்.

நவ. 19, புதன்

பேச்சு இல்லை. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெளிச்சப் பெரியவரைப் போட்டுவிட்டேன், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். பேப்பர் கட்டு முடிந்தது. ஒரு பையன் வெள்ளாற்றைக் கேரளாவுக்கு அனுப்பியிருக்கிறான்.

நவ. 21, வெள்ளி

காலையில் பாண்டி. டாக்டருக்குத் திருப்தி. போன் பார்க்கலாம், டிவி பார்க்கலாம். திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார், போனை எடுக்கவில்லை. கடலூர் தாண்டியதும், "தமிழ்ல அந்தம்மா மாதிரி யாராச்சும் பேசறாங்களான்னு தேடு" என்றார். எதற்கு, ஷார்ஜாவில் கேட்கவா? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, தேடுகிறேன் என்றேன்.

ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்தார். நான் இறால் வதக்கிக்கொண்டிருந்தேன். காதர் போன். இந்தத் தடவை அவரே எடுத்தார், வாசல் பக்கம் நடந்தார். அடுப்பைச் சின்னதாக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வெட்கமெல்லாம் இல்லை.

"ஆங், சரியாயிடுச்சுடா. நல்லாத் தெரியுது."

காதர் நீளமாக ஏதோ சொன்னார்.

"இல்லடா. வரல."

அந்தப் பக்கம் கத்தல், இங்கே வரை கேட்டது.

"சம்பளம்லாம் பிரச்சன இல்ல. வீட்ல போவ வாணாம்னு சொல்லிட்டாங்க."