ஆறுக்கு அடுத்து எட்டு

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. ஈரத் துணியை பக்கெட்டில் அள்ளிப் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

14ஆம் தேதி புதியவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுக்க வேண்டுமாம். ‘வெப்சைட்டின் முன்பக்கம் செய்கிறவர்களுக்குப் பயன்படும் பத்து ஜாவாஸ்கிரிப்ட் உத்திகள்’ – தலைப்பையும் மேனேஜரே வைத்துவிட்டார். “பத்து இருக்கணும் மேடம். ஒன்பதுன்னா ஏதோ தொலைஞ்ச மாதிரி இருக்கும்” என்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எல்லாம் ரவுண்டாக இருக்க வேண்டும் அவருக்கு.

மதியத்துக்குள் பட்டியல் தயார். தேடல் பெட்டியில் எழுத்துக்கு எழுத்து சர்வரைப் பிடுங்காமல், ஆள் தட்டி முடிக்கும்வரை காத்திருக்கிற டிபௌன்ஸ். கண்ட மதிப்பையெல்லாம் திரையில் அச்சடித்துப் பார்ப்பதற்குப் பதில், ஓடுகிற நிரலை பிரவுசரிலேயே நிறுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பது. நெட்டை வேண்டுமென்றே மெதுவாக்கி, மட்டமான போனில் நம் பக்கம் எப்படித் திணறுகிறது என்று பார்ப்பது. ஏழாவதாக என் செல்ல உத்தி.

அதற்கு உதாரணம் கையிலேயே இருக்கிறது. ஜனவரியில் கமா எங்கள் நிரல் முழுவதையும் ஃபார்மேட்டரில் ஓட்டினார். கமா என்பது நாங்கள் வைத்த பெயர். அச்சகத்தில் பதினைந்து வருடம் பிழை திருத்தியவர். நாற்பது வயதில் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தார். எங்காவது ஒரு கமா விட்டுப்போனால் அவருக்குச் சோறு இறங்காது. ஃபார்மேட்டர் இடைவெளி, கமா, அடைப்புக்குறி எல்லாவற்றையும் சீராக்கும், அர்த்தத்தைத் தொடாது. ஆனால் அதற்குப் பிறகு எந்த வரியை யார் எழுதியது என்று கேட்டாலும், கடைசியாகத் தொட்டவர் கமா என்றே, மாற்றங்களைக் குறித்து வைக்கிற கிட் என்ற மென்பொருள் சொல்லும். சட்டையைத் தைத்தவர் யார் என்று கேட்டால் இஸ்திரி போட்டவரைக் காட்டுகிற கதை. இஸ்திரி போட்ட மாற்றங்களை ஒரு சின்ன ஃபைலில் குறித்துக் கொடுத்தால், கிட் அவற்றைத் தாண்டிப் போய்த் தைத்தவரைக் காட்டும். அதுதான் ஏழு.

துணி இன்னும் பக்கெட்டில்தான் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

கையெழுத்து சரியில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினொரு மணிக்கு பிசியோதெரபி கிளினிக்கிலிருந்து போன். நாங்கள் செய்து கொடுத்த வெப்சைட்டில் ‘உங்கள் பதிவு கிடைத்தது, அழைக்கிறோம்’ என்று வந்திருக்கிறது. மூன்று வாரமாக யாரும் அழைக்கவில்லை என்று ஒருவர் நேரில் வந்து சத்தம் போட்டிருக்கிறார். சர்வரின் பதிவேட்டைத் திறந்தோம். அவர் ஒருவர் இல்லை. அறுபத்து மூன்று பேர்.

போன மாதம் சர்வரில் ஒரு விதி மாறியது – போன் எண்ணின் நடுவே இடைவெளி இருந்தால் ஏற்காது. அறுபத்து மூன்று பேரும் இடைவெளி விட்டு அடித்தவர்கள். சர்வர் ஒவ்வொரு தடவையும் ‘முடியாது’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. எங்கள் பக்கம் அதை விழுங்கிவிட்டு, நோயாளியிடம் ‘கிடைத்தது’ என்று சொல்லியிருக்கிறது.

மேனேஜர் அந்த மறுப்பை விழுங்கிய வரியில் கர்சரை வைத்து, எழுதியது யார் என்று கிட்டைக் கேட்டார். கமா பெயர் வந்தது.

நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த வரி என்னுடையது. பார்த்த நொடியே தெரியும். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா?

“நான் ஃபார்மேட்டர் மட்டும்தான் சார் ஓட்டினேன்” என்றார் கமா.

“ஓட்டும்போது ஏதாவது தெரியாம அழிச்சிருப்பீங்க.”

கமா குனிந்து அந்த வரியைப் படித்தார். பிறகு, “இருக்கலாம் சார்.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தேன். “பார்க்கலாம்” என்று வந்தது. பார்க்கலாமாம்! என்னத்தைப் பார்ப்பது?

மார்ச் 6, வியாழன்

மூன்று வருடம் முன்பு. அதே கிளினிக்குக்கு முதல் டெமோ, ஒரு மணி நேரம் பாக்கி. பதிவுப் படிவம் பிரவுசரின் கன்சோல் பெட்டியில் சிவப்புச் சிவப்பாகப் பிழை கக்கிக்கொண்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ட்ரை, கேட்ச் என்று ஒரு ஜோடி உண்டு. முதல் அடைப்புக்குள் இருக்கிற வேலை தவறினால், இரண்டாவது பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று முடிவு செய்யும். நான் இரண்டாவதைக் காலியாக விட்டேன். சிவப்பு மறைந்தது. டெமோ பிரமாதம், கைகுலுக்கல்.

காலி அடைப்பைக் கண்டால் லின்டர் என்ற சோதனைக் கருவி கூச்சல் போடும். உள்ளே ஒரு குறிப்பு எழுதிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். எனக்கு அது தெரியும். ‘பிறகு சரி செய்ய வேண்டும்’ என்று எழுதினேன்.

இன்று அறுபத்து மூன்று பேருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்கும் வேலையை கமாவிடம் கொடுத்துவிட்டார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவர் குரல் நாள் முழுக்க.

“ஆமாங்க. எங்க தப்புதாங்க. இல்லங்க, உங்க போன்ல ஒண்ணும் கோளாறு இல்ல… எங்க தப்புதான்.”

ஒரு தையல்காரம்மா, கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதவர். கிளினிக் கூப்பிடும்போது எடுக்காமல் போய்விட்டால் என்று குளிக்கப் போகும்போதுகூட போனை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாராம். கமா அதை, எங்கள் நிரலைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்டர் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். “அவர்தான் இருக்கலாம்னு ஒத்துக்கிட்டாரே. நீ ஏன் வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறே?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

மகள் என் வகுப்புக்கு ஸ்லைடு செய்து தருகிறாள். கல்லூரியில் முதல் வருடம். கலர் விஷயத்தில் என்னை நம்புவதில்லை. என் பட்டியலை டைப் செய்துகொண்டே போனவள் நிறுத்தினாள்.

“ஏழு எங்கம்மா? ஆறுக்கு அடுத்து எட்டு இருக்கு.”

நேற்று மதியம் அழித்தேன். எண்களை மாற்ற மறந்துவிட்டேன். திருட்டு வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

“அது பழைய விஷயம். யாருக்கும் உபயோகப்படாது.”

“திங்கட்கிழமை அதைத்தானே விழுந்து விழுந்து சொன்னே? இஸ்திரி, சட்டைன்னு…”

“எல்லாத்துக்கும் கேள்வி கேக்காதே. வேற ஒண்ணு தர்றேன், போடு.”

கன்சோலில் தகவலை அட்டவணையாகப் பார்க்கிற உத்தியைக் கொடுத்தேன். அதுவும் நல்ல உத்திதான். அவள் அதை ஏழில் போட்டாள். எட்டாம் வகுப்பில் இவள் மார்க் ஷீட்டை ஒளித்து வைத்தபோது இதே மேஜையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேனே, என்ன பேசினேன்? ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை. பேசிய தோரணைதான் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

இதைவிடக் கீழே போக முடியாது என்று நினைத்தேன். முடிகிறது.

கமாவின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. வியாழக்கிழமை முடிவு. மேனேஜர் கேட்டார், “நிரந்தரம் வேண்டாம்னு நினைக்கறேன். கிளினிக்குக்கும் புது ஆளோட கவனக்குறைவுன்னு எழுதியாச்சு. நீங்க டீம் லீட், என்ன சொல்றீங்க?”

“நல்லா வேலை செய்றவர் சார். ஒரு தப்பை வச்சு…”

“அவர் பண்ணினதுக்கு நீங்க பரிஞ்சு பேசறீங்க. உங்க பெரிய மனசு, மேடம்.”

பெரிய மனசு. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நான்கு மணி டீ. ஆறு மாதமாக நானும் கமாவும் சேர்ந்துதான் குடிப்போம். போன புதனிலிருந்து நான் தள்ளித் தள்ளிப் போயிருந்தேன். இன்று கெட்டில் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

“எவ்வளவு பேர் பாக்கி?”

“ஒன்பது பேர் எடுக்கல மேடம். தொண்டைதான் கட்டிப்போச்சு.”

“கவலைப்படாதீங்க. உங்களப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லியிருக்கேன்.”

அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, “தெரியும் மேடம்” என்றார்.

“என்ன தெரியும்?”

“நான் சேர்ந்த முதல் வாரம் நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. இஸ்திரி போட்டவன் வேற, தைச்சவன் வேறன்னு. புதன்கிழமை மதியமே பாத்துட்டேன்.”

தண்ணீர் கொதித்து கெட்டில் தானாக அணைந்தது. நான் கேட்ட கேள்வி இன்னும் கேவலம்: “அப்ப ஏன் சொல்லல?”

“நிரந்தரம் ஆகாதவன் சீனியர் பேரைச் சொன்னா யார் மேடம் நம்புவாங்க? நம்பினாலும், அப்புறம் தினம் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கணும்ல?” டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். மறுநாள் நினைச்சேன். அதுக்கப்புறம் நினைக்கறதை விட்டுட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ப்ரூஃப் திருத்துகிற மாதிரி சொன்னார்.

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன்.

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “ஒரு வாரம் கழிச்சு வந்து சொல்றீங்களே?” நியாயமான கேள்வி. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: கமாவை நிரந்தரம் ஆக்கிவிடலாம், கிளினிக்குக்கு எழுதியது எழுதியதாக இருக்கட்டும், விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

ஒரு கணம், ஆமாம், ஒரு கணம் தலையாட்டப் பார்த்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

“இல்ல சார். கிளினிக்குக்கு என் பேர்ல நானே எழுதறேன். டீமுக்கும் சொல்லணும்.”

“அப்ப அடுத்த ப்ராஜெக்ட்ல நீங்க லீடா இருக்கறதைப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்.”

“யோசிங்க சார்.”

எழுந்து என் இடத்துக்கு வந்து கிளினிக்குக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஏழாவது ஸ்லைடில் அந்தப் பழைய உத்தியையே போட்டுத் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து, “என்ன கலர் வேணும்?” என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

வகுப்பில் புதியவர்களும் டீமுமாக எட்டுப் பேர். ஆறு உத்திகள்வரை நன்றாகப் போனது. டிபௌன்ஸுக்கு யாரோ சிரித்தார்கள்கூட. ஏழுக்கு கிளினிக் படிவத்தின் ஃபைலைத் திறந்தேன். இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை கமா, கமா, கமா. ஃபார்மேட்டர் ஓட்டிய மாற்றத்தின் எண்ணை அந்தச் சின்ன ஃபைலில் எழுதினேன். மறுபடி ஓட்டினேன். பெயர்கள் மாறின. இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் என் பெயர், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி, ‘பிறகு சரி செய்ய வேண்டும்’.

டெஸ்டர் பெண்தான் முதலில் பேசினாள். “மேடம், அப்ப அந்த அறுபத்து மூணு பேர்…?”

“நான் எழுதினது. தெரிஞ்சும் ஒரு வாரம் வாயைத் திறக்கல. அவருக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல.”

கமா தலை நிமிரவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டாவதுக்குப் போனேன். அது என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம்: இதையும் ஒரு கருவியை வைத்துத்தானே காட்டினாய்? அவர் முகத்தைப் பார்த்து ‘மன்னிச்சுக்குங்க’ என்று சொன்னாயா?

மார்ச் 17, திங்கள்

சொன்னேன். “சரி மேடம்” என்றார். அவ்வளவுதான்.

போனை எடுக்காத ஒன்பது பேரையும் நானே கூப்பிட்டேன். ஏழு பேர் எடுத்தார்கள். ஒருவர் நன்றாகத் திட்டினார். திட்டி முடிக்கும்வரை கேட்டேன்.

கமா இப்போது மூன்றரைக்கே டீ குடித்துவிடுகிறார்.

மார்ச் 28, வெள்ளி

கமா நிரந்தரம் ஆகிவிட்டார். நான் லீட் இல்லை. என் நிரல் இப்போது அவர் பார்வைக்குப் போய்விட்டுத்தான் வெளியே போக வேண்டும். வீட்டில் இவர் கேட்டார், “உனக்கு ஒரு மாதிரி இல்லியா?” ஒரு மாதிரிதான் இருக்கிறது.

கிளினிக் படிவத்தைத் திருத்தி நேற்று அனுப்பினேன். எண்ணில் இடைவெளி இருந்தால் நாமே எடுத்துவிடுகிறோம். எது தவறினாலும் ‘கிடைத்தது’ என்று காட்டாது. காலியாக இருந்த இடத்தில், ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. மீண்டும் முயலவும்’ என்று ஒரு செய்தி போட்டிருந்தேன்.

காலையில் திரும்பி வந்தது. நிரலில் ஒரு குறையும் சொல்லவில்லை. செய்திக்குப் பக்கத்தில் மட்டும் அவருடைய குறிப்பு: ‘ஏதோ தவறு என்றால் யாருடைய தவறு? படிக்கிறவர் தன் தவறு என்று நினைத்துக்கொள்வார்.’

மாற்றி அனுப்பினேன். மதியம் அனுமதி வந்தது.

வெளியிட்டதும் நெட்டைத் துண்டித்துவிட்டு என் எண்ணை அடித்துப் பார்த்தேன். திரையில் வந்தது:

‘உங்கள் பதிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை. தவறு எங்களுடையது.’