கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு

மார்ச் 3, செவ்வாய்

பேறுகால விடுப்பு முடிந்து இரண்டாவது நாள். எங்கள் மியூசியத்தின் ஏப்ரல் கண்காட்சிக்குப் பதினான்கு பழைய ஓவியங்கள், எல்லாமே அம்மாவும் குழந்தையும். எல்லாவற்றையும் நான்தான் சுத்தம் செய்ய வேண்டும். சுவரோரம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். மிகப் பழைய படங்களில் குழந்தைகளுக்கெல்லாம் கிழவன் முகம். பென்ஷன் வாங்க வந்தவர்கள் போல மடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாக்களில் ஒருத்தி முகத்திலும் களைப்பு இல்லை. எப்படி? நான் ஒழுங்காகத் தலை வாரியே ஐந்து மாதம் ஆகிறது.

குட்டியை அத்தையிடம் விட்டு வருகிறேன். பெற்ற அம்மா இப்படிப் பார்த்துக்கொள்வாளா தெரியாது, அப்படி ஒரு மாமியார். ஆனாலும் பாட்டிலை வைத்தால் துப்புகிறாளாம்.

மார்ச் 5, வியாழன்

இன்றும் துப்பினாள்.

மார்ச் 6, வெள்ளி

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவளின் படம். மடியில் குழந்தை தூங்குகிறது. வரைந்தவர் யாரென்று தெரியாது. மஞ்சளாகிப்போன வார்னிஷைப் பஞ்சால் எடுத்துக்கொண்டிருந்தேன். கண்களுக்குக் கீழே பழுப்பாகத் திட்டு. யாரோ பிற்காலத்தில் பூசிய ஒட்டு வண்ணம், கறுத்துப்போயிருக்கிறது என்று நினைத்தேன். எந்த இடத்தையும் சோதித்துவிட்டுத்தான் தொட வேண்டும். கன்னத்தில் சோதித்தேன். கண்ணுக்குக் கீழே சோதிக்கவில்லை.

அத்தை போனில் வந்தார். "காலையிலேர்ந்து ஒரு சொட்டு உள்ள போகல. நீ பதறாத." பதறாதே என்றால் பதறாமல் இருக்க முடியுமா? ஒரு கையில் போன், ஒரு கையில் பஞ்சு. இரண்டு கண்ணுக்குக் கீழும் துடைத்து முடித்துவிட்டேன்.

அப்புறம்தான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மிச்சமிருந்த ஓரத்தில், முகத்தில் ஓடும் விரிசல் அந்தப் பழுப்பின் ஊடாகவும் ஓடுகிறது. பின்னால் பூசியதென்றால் விரிசலை மூடியிருக்கும். அது ஓவியர் கைப்பட வைத்தது. தூங்காத ஒருத்தியைத் தூங்காதவளாகவே வரைந்த ஒரே ஆள். இப்போது அவளும் மற்றவர்களைப் போலப் பளிச்சென்று இருக்கிறாள்.

மார்ச் 9, திங்கள்

எங்கள் பிரிவின் தலைவி வந்தார். கழுத்தில் எப்போதும் மூன்று கண்ணாடி தொங்கும். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் மூணு கண்ணாடி. படத்தைப் பார்த்ததும், "அட, எவ்ளோ அழகா வந்திருக்கா!" என்றார்.

நான் பழுப்புப் பஞ்சுகளை இழுப்பறைக்குள் தள்ளினேன். யாருக்குத் தெரியப்போகிறது? — எனக்குத் தெரியுமே. சொன்னால் வேலை போய்விடுமோ? போனால் இந்த வயதில் வேறு என்ன தெரியும் எனக்கு?

மார்ச் 10, செவ்வாய்

"ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கே?" என்று இவர் கேட்டார். தூக்கமில்லை என்றேன். அதுவும் பொய்யில்லை.

மார்ச் 12, வியாழன்

மூணு கண்ணாடியிடம் சொல்லிவிட்டேன். எடுத்து வைத்திருந்த பழுப்புப் பஞ்சுகளை மேசையில் பரப்பினேன். மூன்று கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

"போன் பேசிக்கிட்டே முகத்துல கைய வைப்பியா? எத்தன வருஷமா வேல பாக்குறே?"

பஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவரில் போட்டார். பிறகு, "நடந்தத ஒண்ணு விடாம எழுதிக் குடு. ஃபைல்ல இருக்கட்டும். ஒரு வருஷத்துக்கு எந்த முகத்தையும் நீ தனியாத் தொடக் கூடாது. இத மட்டும் நீயேதான் சரி பண்ணணும், என் முன்னால உக்காந்து."

மார்ச் 16, திங்கள்

அத்தை என் வாசம் வீசும் பழைய சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கொடுத்தாராம். முழு பாட்டிலும் காலி. எத்தனை நாள் வேண்டிக்கொண்டது! கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். அதற்குள் நான் தேவையில்லாமல் போய்விட்டேனா?

மார்ச் 24, செவ்வாய்

சுத்தம் செய்யும் முன் எடுத்த போட்டோவில் வடிவம் இருக்கிறது. மேலே மஞ்சள் வார்னிஷ் இருந்ததால் நிறம் பிடிபடவில்லை. ஊதாவா, பச்சையா? தட்டில் குழைத்துக் குழைத்து அழித்தேன். மூணு கண்ணாடி தன் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து என் முன்னால் நிறுத்தினார்.

"வேற எங்கயும் தேடாத."

என் கண்ணுக்குக் கீழே பழுப்பு, கொஞ்சம் ஊதா, மூக்கோரத்தில் துளி பச்சை. அதையே அவளுக்கும், வேண்டுமென்றால் அழித்துவிடக்கூடிய வண்ணத்தில்தான் வைத்தேன்.

ஏப்ரல் 18, சனி

கண்காட்சி. அத்தை குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாகக் காட்டினேன். "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று நடந்துகொண்டே இருந்தவர் ஜன்னலோரக்காரி முன்னால் நின்றுவிட்டார். நான் ஏதோ விளக்க ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"மெதுவாப் பேசு. பாவம், இவ தூங்கி எத்தன நாளாச்சோ. இப்பத்தான் புள்ள கண்ண மூடியிருக்கு."