எட்டு வயதுக்கு ஏற்ற புத்தகம்

ஜூலை 2, புதன்

காலையில் மறுபடி அதே கூத்து. நான் மீனாவுக்குத் தலை பின்ன, எதிரில் அவள் அப்பா கதை வாசிக்க, அவள் வாயைப் பிளந்து கேட்க. மூன்றாம் வகுப்பு படிக்கிறவள். “நீயே வாசிக்கலாம்ல?” என்றால், “அப்பா வாசிச்சாத்தான் நல்லாருக்கு.” ராம்கிக்குப் பெருமை தாங்கவில்லை. ஜவுளிக்கடை வாசலில் “வாங்கம்மா, வாங்கக்கா” என்று நாளெல்லாம் கூவுகிற தொண்டை. நரிக்கு ஒரு குரல், கிழவனுக்கு ஒரு குரல். வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், இவர் இன்னும் நரியாகவே இருக்கிறார்.

ஜூலை 5, சனி

சிம்மக்கல் பக்கம் புத்தகக் கடைக்குப் போனோம். “வயசு எட்டா? இந்தாங்க.” பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு யானை. “இது யூகேஜி பாப்பாவுக்கு” என்று மீனா தள்ளிவிட்டாள். அடுத்து எடுத்தது இருநூறு பக்கம், எறும்பு எழுத்து. நடுவில் ஒன்றுமே கிடையாதா?

“நடுவுலன்னா... நீதிக்கதை இருக்கு மேடம்.”

நூறு கதை, நூறு நீதி. இவள் என்ன கோர்ட்டா நடத்தப்போகிறாள்? எரிச்சலில் இருநூறு பக்கத்தையே வாங்கிவந்தேன்.

ஜூலை 6

முதல் வரியே ‘அடர்ந்த வனாந்தரத்தினூடே’. மீனா அழுதாள். நான் கத்தினேன். புத்தகம் பீரோ மேலே.

ஜூலை 11, வெள்ளி

ராம்கிக்குப் பத்து நாளாகக் குரல் கரகரப்பு. சொன்னால் கேட்டால்தானே. இன்று டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் முடிச்சு. ஒரு மாதம் பேசவே கூடாதாம், கிசுகிசுவென்றுகூட. கரையாவிட்டால் ஆபரேஷன். குரல் பழையபடி வருமா என்று கேட்டேன். “பாப்போம்” என்றார். பாப்போம்னா என்ன அர்த்தம்? இவர் பொழைப்பே தொண்டையிலதானே இருக்கு!

மீனா கேட்டது ஒன்றுதான். “அப்ப கதை?”

ஜூலை 14, திங்கள்

நான் வாசித்தேன். “நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறம்மா.” ராம்கி சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். சீப்பை வீசிவிட்டு எழுந்து போனேன்.

ஜூலை 19, சனி

ஒத்தக்கடை நூலகம். நூலகர் முனீஸ்வரி அக்கா வயதைக் கேட்கவில்லை. “பிள்ளைக்கு என்ன புடிக்கும்?” என்றார். எனக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. பெற்றவள்! மீனா சொன்னாள், “வாத்து.” வேன் போகிற வழியில் கம்மாயில் நிற்குமாம். இன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

அக்கா அலமாரியைக் குடைந்து மூன்று எடுத்தார். “ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் வாசிக்க விடுங்க. அஞ்சு சொல்லுக்கு மேல தடுமாறுனா அது இப்ப வேணாம். தடுமாறுதேன்னு திட்டிப்புடாதீங்க.” இரண்டு தேறவில்லை. மூன்றாவதில் நான்கு சொல்தான். ஐம்பது பக்கம், எட்டுக் குட்டி அத்தியாயம், பெரிய எழுத்து. தப்பான டெம்போவில் ஏறிவிட்ட வாத்தின் கதை.

ஜூலை 20

தொடவில்லை.

ஜூலை 21

தொடவில்லை. கேட்டால், “அப்பாவுக்குச் சரியானதும்” என்கிறாள். எம்புட்டுத்தான் நானும் பொறுக்கிறது!

ஜூலை 23, புதன்

காலையில் ராம்கி ஒரு தாளில் எழுதி மீனாவிடம் நீட்டினார்: ‘போரடிக்குது. வாத்துக்கு என்ன ஆச்சு?’

அவள் புத்தகத்தை எடுத்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். “கூ... டைக்... குள்.” திருத்த வாயைத் திறந்தேன். ராம்கி என் கையைப் பிடித்து அழுத்தினார். நான்கு பக்கத்துக்கு இருபது நிமிடம். வாத்து பேசுகிற இடத்தில் குரலைக் கரகரப்பாக்கினாள், அப்படியே அவர் குரல். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேன் போய்விட்டது. ஒரு பக்கம்தான் சடை. ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டு, நான் ஆபீசுக்கு முக்கால் மணி நேரம் லேட். திட்டு வாங்கினேன். யாரிடம் சொல்லி அழ?

ஜூலை 30

வாத்து வீடு சேர்ந்துவிட்டது. நூலகத்தில் இன்னும் இரண்டு எடுத்தோம். ஒன்றை மீனாவே திருப்பிக் கொடுத்தாள். “இது அடுத்த வருசத்துக்கு.”

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முடிச்சு கரைந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம். மெதுவாகப் பேசலாம், கூவத்தான் கூடாது. முதலாளி பில் போடும் இடத்துக்கு மாற்றித் தருகிறாராம். ஒரு மாதம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: “தாமரை, காப்பி.” நல்லா இருக்கய்யா நியாயம். அடுப்படியில் நின்று அழுதேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

திருப்பரங்குன்றத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. முதல் பந்திக்கு எல்லாரும் உட்காரும்போது மீனாவைக் காணோம். மண்டபம் முழுக்கத் தேடி, தெருவரைக்கும் ஓடி, வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கடைசியில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால், பட்டுப்பாவாடையோடு தரையில். மடியில் புத்தகம். உதடுகூட அசையவில்லை. கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏன்டி, எங்கெல்லாம் தேடுறது?”

நிமிராமல் சொன்னாள். “இரும்மா. இன்னும் ரெண்டு பக்கம்தான்.”

நின்றேன். பிறகு நானும் தரையில் உட்கார்ந்தேன்.

ரெண்டாம் பந்தியில்தான் சாப்பிட்டோம். அப்பளம் தீர்ந்துபோயிருந்தது.