எங்கட முகம் என்று சொன்னீர்களே

அண்ணே,

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். போன ஞாயிறு மகள் சுகந்தி தன் சம்பளத்தில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். மேசைக்கு மேலே விளக்கு மூடியாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடை ஒன்று தொங்கியது, தலைகீழாக. கயிற்றை வெட்டிவிட்டுப் பிளாஸ்டிக் இலைகளைச் சுற்றியிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? பரிமாற வந்தவரைப் பிடித்து, இது முதுகில் தொங்க வேண்டிய சாமான் என்று வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன். "அப்பா, ஃபிரைட் ரைஸ் ஆறுது" என்றாள் சுகந்தி.

உங்கள் ஞாபகம் வந்து சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. இன்னொரு தரமும் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்தக் கூடைக்குக் கீழே உட்கார்ந்து, நீங்கள் எனக்குச் செய்ததை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

நாம் பழகியது ஒருகொடவத்தையில். உங்கள் அக்கா கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டியை எடுக்க வந்து, எந்தக் கதவில் போவதென்று தெரியாமல் வெயிலில் நின்றீர்கள். நான் அந்த கன்டெய்னர் யார்டில் கிளார்க். ஓ லெவல் பரீட்சையோடு நின்றவன். கணிதப் பாடத்துக்கு மட்டும் என்னைப் பிரிய மனமில்லை, திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. நீங்கள் கதை எழுதுகிறவர் என்று தெரிந்ததும் என் வாய் திறந்துகொண்டது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடு, அம்மா கொழுந்து பறித்த மலை, நிறுவையில் குறைத்த கணக்கப்பிள்ளையின் காலடியில் அம்மா கூடையைக் கவிழ்த்துக் கொட்டிய நாள், எல்லாம் சொன்னேன். "நில்லும் ஐசே, அதைத் திரும்பச் சொல்லும்" என்பீர்கள். புத்தகம் வந்தபோது முதல் பிரதியை என் கையில் வைத்து, "இது உம்மட அம்மாவின்ர புத்தகம்" என்றீர்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் அதைக் காட்டாத வீடு இல்லை. வாசித்தவர்கள் குறைவு, அட்டையைப் பார்த்தவர்கள் எல்லோரும்.

பிறகு வெளிநாட்டுக் கம்பனி ஒன்று அதைப் படமாக்க வந்தது. அம்மாவின் வேடத்துக்கு இந்தியாவிலிருந்து ஒரு நடிகையைக் கொண்டுவரப்போவதாகக் கதை அடிபட்டது. வெள்ளவத்தை மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள். மைக்கைப் பிடித்து, "எங்கட கதைக்கு எங்கட முகம் வேணும். வெளியில இருந்து ஆரும் வந்து எங்களை மாதிரி நடிக்கத் தேவையில்லை" என்றீர்கள். நான் கை சிவக்கத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவரையும் இடித்துத் தட்ட வைத்தேன். அந்த 'எங்கட'வுக்குள் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

கம்பனி இறங்கி வந்தது. இங்கேயே ஆள் எடுப்பது, தேர்வில் நீங்களும் இருப்பது என்று முடிவானது. "உம்மட மகளைக் கூட்டிக்கொண்டு வாரும். பள்ளிக்கூட நாடகத்தில பரிசு எடுத்த பிள்ளை. அவவை விட்டா வேற ஆரு?" என்றது நீங்கள்தான். சுகந்தி போய் நடித்துக் காட்டினாள். அடுத்த கிழமை போன் எடுத்தீர்கள். "நாளைக்கு வாரும் ஐசே. பிள்ளைக்குத் தோட்டத்துப் பேச்சைப் பழக்க வேணும்."

பிள்ளை என்றால் எந்தப் பிள்ளை என்று கேட்கிற புத்தி எனக்கு எங்கே இருந்தது? ஒழுங்கை முழுக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஆயிஷா ராத்தா வட்டிலப்பம் அனுப்பினார். சட்டையை அயர்ன் பண்ணி, சுகந்தியையும் கூட்டிக்கொண்டு காலி வீதி பஸ்ஸில் வந்தேன்.

மேக்கப் அறைக்குள் வேறொரு பெண் கண்ணாடி முன்னால் இருந்தாள். வெள்ளவத்தைப் பிள்ளை, நல்ல வெள்ளை. மேக்கப்காரர் அவள் முகத்தில் மண்ணிறத்தை அப்பிக்கொண்டிருந்தார். கழுத்துவரை அம்மாவின் நிறம், அதற்குக் கீழே அவளுடைய நிறம்.

என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனீர்கள். "குறை நினைக்காதேயும். உம்மட மகள் கொழும்புப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறா. தோட்டத்துப் பிள்ளை எண்டு ஆரும் நம்ப மாட்டினம்."

"அப்ப இந்தப் புள்ள?"

"அவ பழகிடுவா. முகம் கமராவுக்கு நல்லா எடுபடுது."

என் மகளுக்குப் பழக வராதா என்று கேட்டிருக்க வேண்டும். நான் உள்ளே போய் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள், சட்டையும் அயர்ன் பண்ணியாயிற்று. கூடைக் கயிறு நெற்றியை அறுக்காமல் துணியை எப்படி மடித்துத் தலையில் போடுவது, கூப்பிட்டால் "என்னாங்க" என்று எப்படிக் குரல் கொடுப்பது, எல்லாம். பாவம், நல்ல பிள்ளை, அங்கிள் அங்கிள் என்று கேட்டுக் கேட்டுப் பழகியது. சுகந்தி மூலையில் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "என்னையப் போட்டிருந்தா அவங்களுக்கு பெயின்ட் செலவாவது மிஞ்சியிருக்கும்ப்பா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கொட்டாஞ்சேனை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு அவள் நடிக்கவே இல்லை அண்ணே.

படத்தை நீங்கள்தான் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அம்மாவின் குரல், அம்மாவின் சொல், அம்மா கொட்டிய கூடை. முகம் மட்டும் வேறு யாருடையதோ. "எப்பிடி?" என்றீர்கள். "சோக்கா இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு நாம் சந்தித்தபோதெல்லாம் கிரிக்கெட்டைப் பற்றித்தான் கதைத்தோம்.

நீங்கள் காலமான செய்தி வந்ததும் சுகந்திதான், "வாங்கப்பா, போவணும்" என்றாள். மலர்ச்சாலைக்காரர்கள் பெட்டியில் கிடத்தி, பவுடர் போட்டு உங்களை இரண்டு நிறம் வெளுக்க வைத்திருந்தார்கள். சுகந்தி குனிந்து பார்த்துவிட்டு என் காதுக்குள், "அங்கிளுக்கும் வேற ஆளத்தான் போட்டிருக்காங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது. அழுகிறேன் என்று நினைத்து யாரோ கதிரை கொண்டுவந்தார்கள். அதில் இருந்த பிறகு உண்மையாகவே அழுதேன்.

கதை தந்தவர் என்று சொல்லி இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். மேடைத் தமிழில் நான்கு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் அம்மாவின் பேச்சுதான் வந்தது. "அண்ணே, ஒங்களத்தான் நம்பி வந்தேன். எங்க ஆத்தா கதய ஒங்க கையில குடுத்தேன். எம்புள்ளயயும் ஒங்க கையிலதான் குடுத்தேன்..." அதற்கு மேல் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது உங்கள் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பெரிய மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "அச்சொட்டாத் தோட்டத்தாக்கள் மாதிரியே கதைச்சீர் ஐசே! படத்தில உம்மைப் போட்டிருக்கலாமே. எங்க பழகினனீர்?"

"எங்கம்மாகிட்டங்க" என்றேன்.

நல்ல பகிடி என்று என் முதுகில் தட்டிச் சிரித்தார்.

நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த மனிதரை நிறுத்தி, இவன் யார் என்று சொல்லியிருப்பீர்களா, இல்லை அவரோடு சேர்ந்து சிரித்திருப்பீர்களா? இத்தனை வருடம் பழகியும் எனக்கு அது தெரியவில்லை. கோபமாக இருந்தால் எங்கேயாவது இறக்கி வைத்திருப்பேன். இது தெரியாமல் இருப்பதைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன் அண்ணே.