பலகையில் ஆறு பெயர்கள்

மார்ச் 4
காலையில் எங்கள் குன்றில் துப்பாக்கிக் கும்பலும் போலீசும் மறுபடி சுட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஜுரேமாவின் பீன்ஸ் குக்கரில் குண்டு பாய்ந்தது. “என் சமையல் மேல குண்டுக்கும் கோவம் போல, அன்செல்மோ அண்ணே” என்று சிரித்தாள்.

மார்ச் 11
பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் ‘வாழும் ஆய்வகம்’ தொடங்கியிருக்கிறார்கள். குன்றுதான் ஆய்வகமாம், குடியிருக்கும் நாங்கள்தான் ஆய்வாளர்களாம். “என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க, நீங்களே செஞ்சு பாருங்க” என்றாள் அவர்களின் தலைவி லவீனியா.

சண்டை வந்தால் செல்போனில் எச்சரிக்கை என்றார்கள் பலர். நான் எழுந்தேன். செல்போனைக் கும்பல்காரன் பிடுங்கிப் பார்ப்பான். கொடியில் காயும் துணியில் என்ன பார்ப்பான்? துப்பாக்கியைக் கண்டால் மாடியில் சிவப்புத் துணி. அதைப் பார்த்தால் பிள்ளைகள் படியில் இறங்கக் கூடாது.

கை தூக்கச் சொன்னார்கள். ஜெயித்தேன்.

ஏப்ரல் 2
ஆறு வீடுகள் துணி போடுகின்றன. மூன்று சண்டை, ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை.

ஆனால் ஆய்வகத்தின் தாளில் ‘குன்று மக்களின் யோசனை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். எந்த மக்கள்? இந்தக் குன்றின் படிகளைக் கட்டியவன் நான். அதற்கும் மேயர் பெயரைத்தான் பதித்தார்கள்.

“பேர் போட்டா ஆபத்து ஐயா” என்றாள் லவீனியா.

“என் பேரைத் திருடுறியே, அது?”

நான் விடவில்லை.

ஏப்ரல் 9
படியடியில் மரப்பலகை. துணி போடும் ஆறு வீட்டாரின் பெயர்கள். முதலில் நான்.

ஏப்ரல் 13
கும்பல்காரர்கள் பலகையைப் படித்துவிட்டு வந்தார்கள். படியில் ஜனம் இல்லாவிட்டால் போலீஸ் துணிந்து ஏறிவிடுகிறதாம். ஜனம்தான் அவர்களுக்குக் கவசம். ஜுரேமாவின் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை உதைத்து மூடினான் ஒருவன். எலும்பு முறிந்தது என் சுவர் வழியே கேட்டது. ஓடினேன்.

“உன்னையும் அடிக்கணும்தான் தாத்தா. ஆனா நீதானே எங்களுக்கு லிஸ்ட் எழுதிக் குடுத்த?”

தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். ஏன்டா என்னை அடிக்கல? ஏன்?

ஏப்ரல் 14
பலகையிலிருந்த பெயர்களை உளியால் செதுக்கி எடுத்தேன். என் பெயர்தான் கடைசிவரை போகவில்லை. ஆழமாகப் பொறிக்கச் சொன்னவன் நான்.

ஏப்ரல் 20
சுட்டார்கள். ஒரு மாடியிலும் துணி இல்லை. மேல்வீட்டு இவோனெட்டியின் மகளுக்குத் தொடையில் குண்டு. பிழைத்துக்கொள்வாள். நான் கட்டிய படியில் ரத்தம் — நான்தான் கழுவினேன்.

ஏப்ரல் 27
ஆய்வகக் கூட்டம். லவீனியா அழுதாள். ஜுரேமா கட்டுப்போட்ட கையோடு வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. “ஆறு வீட்டுல போட்டா ஆறு கைய உடைப்பான். குன்று முழுக்கப் போட்டா? உடைச்சு முடியுமா அவனால?” என்று கேட்டாள்.

லவீனியா பேனாவை எடுத்தாள். “பேர் வேணாம்” என்றேன். அதுவரை யாரும் என்னிடம் பேசவில்லை; பிறகும் பேசவில்லை.

மே 6
இன்று, முதல் குண்டு பாயும் முன்பே குன்று முழுக்கச் சிவப்பு — துண்டு, பாவாடை, கால்பந்துச் சட்டை. படியில் ஒரு பிள்ளை இல்லை.

எந்த வீட்டில் துணி முதலில் ஏறியது என்று கேட்டு வந்தான், ஜுரேமாவின் கையை உடைத்த அதே பயல். “கண்ணு தெரியல தம்பி” என்றேன். அறைந்தான். ஒரு பல் போயிற்று.

எந்த வீடு என்று இங்கேயும் எழுதமாட்டேன்.