காலாண்டு வரை ஒரு நாற்காலி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வாசற்கதவின் மேல் தாழ்ப்பாளை இனிப் போடுவதில்லை என்று முடிவெடுக்கப்பட்டது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு. கலந்துகொண்டவர்: நான். எதிர்ப்பு: இல்லை. குடிவந்த நாள் முதல் தவறாமல் போட்டுவந்த தாழ்ப்பாள். திருமுல்லைவாயில் திருடர்கள் இனி என் வலது தோளுக்குக் கடமைப்பட்டவர்கள்.

வலிக்குத் தினமும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தமிழ்த் தாள் திருத்தியே தலை நரைத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா. இன்று 7. கண்டிப்பாகத் திருத்தியும்.

உடம்பு முழுக்க வலிக்கும் இந்த நோய்க்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் கிடைத்தது மாசியில். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் நார்மல். நாத்தனார் சென்னீர்குப்பத்திலிருந்து போன். "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னா சந்தோசப்படணும் அண்ணி. நீங்க இன்னாடான்னா படுத்துகினு கீறீங்க." சந்தோஷப்பட்டேன். படுத்துக்கொண்டே.

ஜூன் 10, செவ்வாய்

வலி 7. புடவைக் கொசுவம் இடுப்பில் கல்லாகக் கனக்கிறது. நாளை முதல் சுடிதார், பள்ளி அனுமதித்தால். அனுமதிக்காது.

எங்கள் பள்ளி வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. தாளாளரின் கொள்கை: டீச்சர் உட்கார்ந்தால் வகுப்பு தூங்கும். டாக்டர் கடிதத்தைக் காட்டி, காத்திருந்து, மறுபடி காட்டி, எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. "காலாண்டு வரைக்கும் பாக்கலாம் மேடம்." பீரியடுக்குப் பீரியட் அது என் பின்னால் வருகிறது. தூக்கி வருபவர் அட்டெண்டர் முனுசாமி. "இன்னா டீச்சர், சாமி பொறப்பாடு கணக்கா கீது. மோளம் மட்டும்தான் இல்ல."

சிரித்தேன். ஆனால் அது இல்லாமல் மூன்று பீரியட் நின்றால் மறுநாள் படுக்கை. இனி ஒரு நாள் லீவு எடுத்தாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகத் தாளாளர் போன வருடமே சொல்லிவிட்டார். ஆக, நாற்காலி இருக்கும்வரை வேலை.

9-சியில் சாக்பீஸ் என்ற சொல் வரவில்லை. சொற்களை மறக்கடிப்பதும் இந்த நோயின் வேலைதான். "அந்த வெள்ளையை எடு" என்றேன். கடைசி பெஞ்சு: "எந்த வெள்ளை மிஸ், பனியனா?" வகுப்பு தூங்கவில்லை. தாளாளர் மகிழலாம்.

ஜூன் 12, வியாழன்

டாக்டர் சொன்ன யோகா வகுப்பு. பக்கத்துத் தெரு அடுக்ககத்தின் ஹால். ஐந்து பெண்கள், ஒரு மின்விசிறி. அதற்கும் மூட்டுவலி போல, ஒரு பக்கமாகத்தான் திரும்புகிறது. சொல்லித்தரும் ரேவதிக்கு என் வயதிருக்கும்.

"வலிக்கிற ஸ்டாப்பிங் வரைக்கும் போகாதீங்க டீச்சர். அதுக்கு முந்தினதுல எறங்கிடுங்க."

எனக்கு ஏறியவுடனே அந்த ஸ்டாப்பிங் வந்துவிடுகிறது. சொன்னேன்.

"அப்ப ஏறுங்க, எறங்குங்க. அதான் இன்னிக்கு யோகா."

குழந்தை மாதிரி குப்புறச் சுருண்டு கிடப்பது ஒன்று. சுவரில் காலைச் சார்த்திக் கிடப்பது ஒன்று. கடைசியில் பிணம் போல் கிடப்பது. இந்தக் கடைசியில் மாவட்ட அளவில் தேறுவேன்.

வாங்க: வெந்தயம், துடைப்பம் (நீளக் கம்பு), வலி மாத்திரை.

ஜூன் 15, ஞாயிறு

வலி 4! எழுந்ததும் தேடினேன். இருந்தது, ஆனால் பக்கத்து அறையில். நானே தலை வாரினேன். பின்னலும் நானே. இவர் கிடங்கு வேலைக்குக் கிளம்பும்போது நின்று பார்த்தார். "இன்னாம்மா, பாட்டெல்லாம் வருது?" பாடியது எனக்கே தெரியாது.

ரேவதிக்குப் போன் செய்து சொன்னேன். "நல்ல நாள்ல ஓவரா ஆடாதீங்க. மறுநாள் வாங்கிக்கும்" என்றாள். சரி என்றேன். துணி துவைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

6. துணி.

தாளாளர் கூப்பிட்டார். யோகா தினத்துக்கு மேடையில் ஆசிரியர் ஒருவர் வேண்டும், பி.டி. மாஸ்டர் ஊரில் இல்லை. "நீங்க கிளாஸ் போறீங்களாமே மேடம். சும்மா ஒரு மரம் போஸ். போட்டோவுக்கு." மரம் என்றால் ஒற்றைக் கால், தலைக்கு மேல் கூப்பிய கை. முடியாது என்று சொல்லவே வாயைத் திறந்தேன். ஆளை மகிழ்வித்தால் காலாண்டுக்குப் பிறகும் நாற்காலி தங்கும் என்று தோன்றியது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ரேவதியிடம் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

வானம் மூட்டம், மழை இல்லை. மாத்திரை இரண்டு, ஒன்றுக்குப் பதில். மேடை. பின்னால் பேனரில் யாரோ ஒரு பெண், எலும்பே இல்லாதவள். நான் மரமானேன். காலடியிலிருந்து தோள்வரை யாரோ கம்பியை முறுக்குவது போல். பிள்ளைகள் கைதட்டல். 9-சி விசில்.

போட்டோகிராபர்: "மேடம், ஒன்ஸ் மோர். சிரிங்க."

சிரித்தேன். அந்தப் படம்தான் பள்ளி வாட்ஸாப்பில். பார்த்தால் என்னைவிட ஆரோக்கியமான பெண்மணி ஆவடி வட்டத்திலேயே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

9. போர்வை பட்டால் வலி. இவர் கூப்பிட்டால் அந்தச் சத்தம் வலி. பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்து. இவர் தோசை வாங்கிவந்து பிட்டு ஊட்டினார். மென்றால் தாடை வலித்தது, பாதியில் போதும் என்றேன். "ஆஸ்பத்திரி போலாமா?" போய் என்ன காட்டுவது. எல்லாம் நார்மல்.

இன்னும் எத்தனை வருடம் இந்த உடம்போடு. பயமாக இருக்கிறது. இதை வேடிக்கையாக எழுத முயன்றேன், வரவில்லை.

ரேவதி வந்தாள். படத்தைப் பார்த்திருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து, "மூச்ச மட்டும் விடுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். விட்டேன். 8½.

ஜூன் 23, திங்கள்

லீவு எடுக்க முடியாது. ஆட்டோ. ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லைக் கடித்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாக்கா, மாசமா கீறியா? மெதுவா போவட்டா?" மெதுவா என்றேன். மறுக்கத் தெம்பில்லை.

முதல் பீரியடில் தாளாளர் அழைப்பு. மேசையில் என் படம், கலர் பிரிண்ட்.

"சூப்பர் மேடம். பேரன்ட்ஸ் எல்லாம் ஒரே பாராட்டு. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஒத்தக் கால்ல இவ்ளோ ஜம்முனு நிக்கறவங்களுக்கு, ரெண்டு கால்ல நின்னு பாடம் நடத்தறதுல என்ன கஷ்டம்?"

பதில் இருந்தது. மாத்திரை, நேற்றைய நாள், நல்ல நாள் கெட்ட நாள் கணக்கு, டாக்டர் கடிதம். வரிசையாக. எதுவும் நாக்குக்கு வரவில்லை. தலைக்குள் ஈரப் பஞ்சு. "அது போட்டோவுக்கு சார்" என்றேன்.

"அதான் மேடம் நானும் சொல்றேன். மத்த டீச்சருங்களும் சேர் கேக்கறாங்க இல்ல."

வலி 9.

ஜூன் 24, செவ்வாய்

வெயில். முனுசாமி வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. "எட்துனு வர சொல்ட்டாரு டீச்சர். நான் இன்னா பண்றது, சொல்லு." எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

நாற்காலி இப்போது ஆபீஸ் வாசலில், அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் வரிசையில். எனக்கு இன்று ஆறு பீரியட்.